மச்சானைப் பழிவாங்க வாங்கிய யுகுலேலே

எந்த விசேஷத்திலும் கிடாரும் கையுமாக உட்கார்ந்துவிடுவான் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. "மாமா, நீங்க கை மட்டும் தட்டுங்க. அதையாவது தாளத்தோட தட்டுங்க" என்று எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்குவான். மூலக்குளத்தில் அவன் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சும் அன்றே பழிதீர்ப்பது என்று சபதம் எடுத்தேன்.

கடையில் யுகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டி கிடார் நான்கு அளவில் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் காய்கறிப் பையில் மறைக்கத் தோதாக, இருப்பதிலேயே சின்னதை வாங்கினேன். என் விரல்களோ வாழைப்பழ சைஸ். ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கியது. பழகினால் சரியாகிவிடும் என்று நம்பி, இரண்டு மாதம் எங்கள் லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் காக்கைகளை விரட்டினேன்.

விசேஷத்தன்று எல்லோர் முன்னாலும் வாசித்தேன். மச்சான் பதறி ஓடி வந்தான்.

"வுட்டுடுங்க மாமா, பாவம், கத்துது!"

ஹோமம் வளர்த்த ஐயர்கூடச் சிரித்தார்.

அவனுடைய ஆறு வயது மகள் மட்டும் அதைக் கேட்டு வாங்கினாள். அவள் விரலுக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. அங்கேயே அவளுக்குப் பரிசளித்துவிட்டேன். எல்லோரும் என் பெரிய மனசைப் பாராட்டினார்கள்.

மறுவாரம் மச்சான் போன் செய்தான். "மாமா, காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுடறா. தூக்கமே போச்சு."

"குழந்தையோட திறமையை அமுக்காத மச்சான்" என்றேன்.

இப்போதெல்லாம் எனக்கென்றால், கடையிலேயே என் விரலை வைத்துப் பார்த்துப் பெரியதாக வாங்குகிறேன். பழிவாங்க என்றால், அந்த வீட்டுக் குழந்தையின் விரலைப் பார்த்து வாங்குகிறேன்.