அந்த அம்மா ஓட்டினால் மட்டும் திணறிய கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. வில்லியனூர் புறவழிச்சாலையை ஒட்டி நான் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, லாரி பட்டறையில் தொழில் பழகியவன். எஞ்சினுக்குள் கை விடுவது எனக்குச் சுலபம். ஆட்களிடம் வாய் திறப்பதுதான் கஷ்டம். பெண்கள் என்றால் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கார் பட்டறைக்கு வந்தது. கடைக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆட்டோவில் அவரால் நிமிர்ந்து உட்கார முடியாது. அதனால் அவருடைய மனைவி நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் அவரைப் புதுச்சேரிக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போய் வந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திணறிவிட்டுத்தான் கிளம்புகிறது என்பது அவருடைய புகார். வண்டியைக் கொண்டு வந்து விட்டவர் கடைக்காரரின் தம்பி.

பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைக் கழற்றிக் கழுவினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன்; கோளாறு எதுவும் பதிவாகவில்லை. கூடப்பாக்கம் வரை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். வண்டி பாய்ந்து போனது.

வண்டியைக் கொடுத்த இரண்டாம் நாள் தம்பி போன் செய்தார். அண்ணி ஓட்டினால் இன்னும் திணறுகிறதாம்.

"நீங்க ஓட்டனா நல்லாக்கீது, நான் ஓட்டனா நல்லாக்கீது. அப்ப அவங்க ஓட்றதுலதான் கோளாறுன்றீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. "வண்டில ஒண்ணும் இல்ல பாய். அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்து அந்த அம்மாவே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, நீங்க சொன்ன அன்னிக்கே எங்கிட்டேருந்து சாவிய வாங்கிட்டாங்க. மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போவல. இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கினு வந்தேன். நான் ஓட்டறேன், நீங்க வந்து உக்காந்து பாருங்க. அப்பவும் ஒண்ணும் இல்லன்னா, வண்டிய வித்துடப் போறாங்க."

மறுக்கவும் தெரியவில்லை. பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பின்னாடி உக்காந்தா என் காலு எப்படித் தெரியும்? பொண்ணு பாக்கவா வந்துகிறீங்க? முன்னாடி வாங்கண்ணே."

முன் சீட்டுக்குப் போனேன். கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டறைப் பாதையிலிருந்து புறவழிச்சாலையில் ஏறும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் கரும்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. தாராளமாகக் கடந்துவிடலாம். அவர் காலை மெல்லப் பதித்து அழுத்தினார். வண்டி கிளம்பி, சாலையின் நடுவில், மூச்சு நின்ற மாதிரி நின்றது. லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஒரு நொடி இருக்கும். பிறகு வண்டி குதித்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. லாரி எங்களுக்குப் பின்னால் கடந்து போனது.

அவர் ஓரமாக நிறுத்தினார். "இப்ப இன்னா சொல்றீங்க?" என்றார்.

இடம் மாறி உட்கார்ந்து நான் ஓட்டினேன். திணறவில்லை. அப்போதுதான் இரண்டு பேருடைய காலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். லாரியில் பழகிய கால் என்னுடையது. ஒரே மிதியில் பாதி வரை இறங்கிவிடும். அவர் தண்ணீர்க் குடத்தை இறக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைப் போலவே மெல்ல அழுத்திப் பார்த்தேன். வண்டி திணறியது. இன்னொரு முறை. அதே இடத்தில் திணறியது.

பட்டறைக்குத் திரும்பி ஆக்சிலேட்டர் பெடலின் சென்சாரில் மீட்டர் வைத்தேன். கால் எவ்வளவு இறங்குகிறது என்று எஞ்சினுக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். மெல்ல அழுத்தினால் மீட்டரில் எண் சீராக ஏற வேண்டும். கால்வாசி அழுத்தியதும் எண் ஓரிடத்தில் விழுந்து, மறுபடி எழுந்தது. அந்த இடம் மட்டும் தேய்ந்திருந்தது. வேகமாக மிதிக்கிறவன் கால் அதைத் தாண்டிவிடும். நிதானமாக ஓட்டுகிறவருக்குத்தான் அது தெரியும்.

பெடலை மாற்ற இரண்டு நாள் ஆனது. வண்டி எடுக்கத் தம்பி வந்தார். "இன்னா, மறுபடியும் பிளக்கா?" என்று சிரித்தார். பார்ட் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பாய், உங்க அண்ணி ஓட்னதுல தப்பு இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

அவர் சிரிப்பு நின்றது. "அத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவறது? வூட்டுக்கு வந்து சொல்லுங்க. ஒரு வாரமா எங்கிட்ட அவங்க பேசறதில்ல" என்றார்.

போனேன். கூடத்தில் கடைக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அந்த அம்மா சமையலறை வாசலில் நின்றார். பெடல் தேய்ந்திருந்ததையும், சரியாகப் பார்க்காமல் நான் பேசியதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நாலு வாக்கியம்கூட இருக்காது.

அந்த அம்மா கொழுந்தன் பக்கம் கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார். கட்டிலில் இருந்தவர் குழறலாக ஏதோ கேட்டார். "நாளைக்கு ஒம்போது மணிக்குக் கெளம்பணும், சட்டைய நான் எடுத்து வெக்கிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு டீ போட அந்த அம்மா உள்ளே போனார்.

இன்றும் ஓட்டிப் பார்த்து எனக்குக் கோளாறு பிடிபடாவிட்டால், "எனக்குத் தெரியல, நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.