ராசியான கண்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் திரும்பியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மாறுகண் என்றால் அதிர்ஷ்டம் என்று எங்கள் குத்தாலத்துப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாததற்கு அதே மாதம் அவள் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்துப் புறப்பட்டுப் போனார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவில் எவன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் விடியற்காலையில் எங்கள் வாசலில் நிற்பான். ராசியான பிள்ளையின் முகத்தில் விழித்துவிட்டுத்தான் ஏஜெண்டைப் பார்க்கப் போவான். தூங்குகிறவளைத் தூக்கிவந்து காட்டுவோம். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சம்பா நடவு சமயம், ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். டார்ச் அடித்துக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். வலது கண்மணி கறுப்பாக இருந்தது. இடது கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது, இருட்டில் பூனைக்கு மின்னுவது மாதிரி.

கணவர் போனபிறகு வீட்டைக் கவனித்துக்கொண்ட அவருடைய அக்காவிடம் ஓடினேன்.

"மாறுகண்ணுன்னா அப்படித்தான் இருக்கும். அதிர்ஷ்டத்த போயி யாராவது ஆஸ்பத்திரியில காட்டுவாங்களா?"

போனில் கணவரும் அக்கா சொல்றத கேளு என்றார். கேட்காமல் கடைத்தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வளர வளர தானா சரியாயிடும்மா. அஞ்சு வயசுல கூட்டிட்டு வாங்க" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நடவின்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்த வெள்ளை, அறுவடையின்போது பகலிலேயே தெரிந்தது. கண் சிவந்து வீங்கியது. பிள்ளை தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். அந்த நிலையிலும் துபாய்க்குப் போகிற ஒருவர் முகம் பார்க்க வந்து நின்றார்.

"வேற எவ முகத்துலயாவது முழிச்சிட்டுப் போங்க" என்று கதவைச் சாத்தினேன். என் அண்ணனை வரவழைத்து அன்றைக்கே சென்னைக்கு ரயிலேறினோம்.

அங்கே கண் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள கட்டிம்மா. புற்றுநோய்."

"இத்தனூண்டு பிள்ளைக்கா?"

"இது சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும். முன்னாடியே வந்திருந்தா கண்ண காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப கண்ண எடுத்தாத்தான் உயிர காப்பாத்த முடியும். இன்னொரு கண்ணுல இருக்கான்னும் மயக்கத்துல வச்சுப் பாத்துடறோம்."

இன்னொரு கண். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்து, அடுத்த கண் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று சொன்னவரும் டாக்டர்தானே.

மறுநாள் காலையில் வார்டு முழுக்க வெயில். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தவள் தூக்கம் கலைந்து கையை நீட்டித் துழாவினாள்.

"அம்மா, லைட்டு போடும்மா."

செத்தேன் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அண்ணன் ஓடிப்போய் நர்சை அழைத்துவந்தார். தூக்கத்தில் புரண்டதில் கட்டு சரிந்து வலது கண்ணையும் மூடியிருந்தது. நர்ஸ் மெல்ல அதை மேலே ஏற்றிவிட்டார்.

பிள்ளைக்கு வெளிச்சம் கூசியது. இமையைச் சுருக்கி, விரித்து, என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, பொட்டு எங்க?"

நெற்றியைத் தடவினேன். அழுது அழுது முகம் கழுவியதில் ஸ்டிக்கர் பொட்டு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.