பின்னில் நான் கட்டிய கம்பி

1. ரப்பர் ஸ்டாம்ப்

முதலில் அந்த ரப்பர் ஸ்டாம்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கொடுத்துச் செய்ய வைத்தவன் நானேதான்.

1993-ல் திண்டிவனத்தில் தீயணைப்பு சிலிண்டர் சர்வீஸ் கடை போட்டேன். பவுடர் ரீஃபில், பிரஷர் டெஸ்ட், வருஷச் செக்கிங், இதுதான் வேலை. என்னைப் போல மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு தகுதி எதுவும் இல்லை.

தீப்பாதுகாப்புத் தர விதிகளை எழுத டெல்லியில் ஒரு குழு இருக்கிறது. புது விதி போடும் முன் டிராஃப்ட் ஒன்றை எங்களைப் போன்ற சங்கங்களுக்கும் அனுப்புவார்கள். கூடவே நான்கு கட்டம் போட்ட படிவம் வரும். எந்தப் பிரிவு, என்ன குறை, அதற்குப் பதில் என்ன வாசகம், என்ன காரணம். இரண்டு மாதத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பதில் போடாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"யோவ் செயலாளரே, இதயெல்லாம் எவன் படிச்சிக்கினு இருப்பான்?" என்பார் எங்கள் தலைவர் ராஜமாணிக்கம். "பெரிய கம்பெனிக்காரன் குழுவுலயே குந்திக்கினு அவனுக்கு வேணுங்கறத எழுதிக்கிறான். நாம சொன்னா கேக்கவா போறான்? ஜல்தியா எதுனா போட்டு அனுப்புய்யா, பிரியாணி ஆறுது."

ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பல்பட்டு 'நோ கமெண்ட்ஸ்' என்று ஒரு ஸ்டாம்ப் செய்தேன். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு டிராஃப்ட்டை மட்டும் பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தேன். சிலிண்டரை அடிக்கும் முன் இழுத்து எடுக்க வேண்டிய சேஃப்டி பின் தானாகக் கழலாமல் இருக்க, அதை 'முத்திரையாலோ தகுந்த வேறு வகையிலோ' கட்ட வேண்டும் என்று இருந்தது. முத்திரை என்பது இழுத்த உடனே அறுந்துபோகும் மெல்லிய பிளாஸ்டிக். 'தகுந்த வேறு வகை' எது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கட்டடக்காரர்கள் கம்பி கட்டும் அதே கட்டுக்கம்பி.

மொபெட்டில் நான்கு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மரக்காணம் ரோட்டில் போனால், குலுக்கலில் பிளாஸ்டிக் அறுந்து பின் கழன்றுவிடும். பவுடர் பீய்ச்சிக்கொண்டு போய்விடும். திரும்ப ரீஃபில், திரும்பப் பேஜாரு. அதனால் கட்டுக்கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி பிளையரால் இறுக்கிவிடுவோம். இறக்கிய இடத்தில் கம்பியை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் மாட்ட வேண்டும். யாரும் மாட்டுவதில்லை. நானும் மாட்டியதில்லை.

பிளையர் இல்லாமல் அந்தக் கம்பி அவிழாது என்று எனக்குத் தெரியும். 'தகுந்த வேறு வகை' என்ற சொற்களை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் நாளைக்கு நானும் கம்பி கட்ட முடியாது. ஸ்டாம்ப்பைக் குத்தி அனுப்பினேன்.

2. மல்லாட்டை மில்

அதற்கு அடுத்த வருஷம் திண்டிவனத்தில் என் வாடிக்கை மில் ஒன்றில் தீப்பிடித்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில். பெல்ட் உரசித் தொலியில் பொறி விழுந்திருக்கிறது. பகல் பதினோரு மணி. கிட்டத்தில் இருந்த அஞ்சலை ஓடிப்போய் சிலிண்டரை எடுத்திருக்கிறாள். அங்கே பத்து வருஷமாகத் தொலி புடைக்கிறவள். பின் வரவில்லை. பல்லால் கம்பியைக் கடித்திருக்கிறாள். முன்பல் உடைந்தது. அதற்குள் தீ சாக்குக்குத் தாவி அவள் வலது கை வெந்துபோனது. மற்றவர்கள் தொட்டித் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

நான் போனபோது சிலிண்டர் தரையில் கிடந்தது. கேஜ் முள் பச்சையில் இருந்தது. பவுடர் முழுசாக இருந்தது. என் கையெழுத்துப் போட்ட டேக் தொங்கியது. கம்பியில் மூன்று சுற்று, இடப்பக்கம் மடக்கிய நுனி. அது என் கைவேலை. அதில் ரத்தம் இருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் கேட்டார். "சிலிண்டர் நல்லாத்தான இருக்குது? ஏன் அடிக்கல?"

"அந்தம்மாவுக்கு ஆபரேட் பண்ணத் தெரியலீங்க சார்," என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் அப்பால் போனதும் பிளையரை எடுத்து அந்தக் கம்பியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், வெட்கம் கெட்டவன். கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"சார், நீங்கதான டெமோ காட்டுனீங்க? பின்ன இழு, அமுக்குன்னீங்க. அப்படித்தான் இழுத்தேன், வரலீங்க. எனக்கு இழுக்கத் தெரியலன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க. எப்படி இழுக்கணும்ங்க அத? இன்னொரு வாட்டி சொல்லிக் குடுங்க சார்."

நிஜமாகவே கற்றுக்கொள்ளக் கேட்டாள். பழத்தை வைத்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன்.

மில்லில் அவளுக்கு 'இழுக்கத் தெரியாத அஞ்சலை' என்று பேராகிப்போனது.

3. நான்காவது கட்டம்

சில வருஷம் கழித்து அதே விதி திருத்தத்துக்கு வந்தது. அதே வாசகம், அதே நான்கு கட்டம். இந்தத் தடவை நான் ஸ்டாம்ப்பை எடுக்கவில்லை.

"நம்ம கம்பிய நாமளே காட்டிக் குடுக்கறதா? பொழப்புல மண்ணு போடறியேய்யா!" என்று ராஜமாணிக்கம் கத்தினார்.

"சங்கம் பேர்ல வேணாம், விடுங்க. யார் வேணா எழுதலாம்னு அதுலயே போட்டிருக்குது. என் பேர்ல எழுதறேன்," என்றேன்.

முதல் மூன்று கட்டமும் சுலபமாக நிரம்பின. பிரிவு எண், குறை, 'கையால் இழுத்தால் அறுந்துபோகும் முத்திரை மட்டும்' என்ற மாற்று வாசகம். நான்காவது கட்டத்தில் காரணம் எழுத மூன்று நாள் ஆனது. மில்லில் நடந்ததை எழுதி, கடைசியில் இப்படி முடித்தேன்: 'கம்பியைக் கட்டியவன் நான். அதை வெட்டி மறைத்தவனும் நான். அந்தப் பெண் சரியாகத்தான் இழுத்தாள்.' அன்று வெட்டி எடுத்து வைத்திருந்த கம்பியையும் கவரில் வைத்து அனுப்பினேன். படிவத்தின் நகலைத் தீயணைப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழு என் வாசகத்தை ஏற்றுக்கொண்டது. நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று இத்தனை வருஷம் பேசினோமே, ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தோமா? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிராஃப்ட் வந்தால் படியுங்கள். குறையை மட்டும் எழுதாமல் மாற்று வாசகமும் எழுதுங்கள். உங்கள் கை செய்த தப்பைக் காரணத்தில் எழுதுங்கள். குழுவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

புது முத்திரை மாட்டிய சிலிண்டரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அந்தச் சிலிண்டரில் கம்பி கட்டியது நான், பொய் சொன்னதும் நான் என்றேன். அஞ்சலையிடம் சிலிண்டரை நீட்டினேன். வலது கை விரல்கள் மடங்காததால் இடது கையால் பின்னைப் பிடித்தாள். லேசாக இழுத்தாள். டக்கென்று வந்துவிட்டது.

கையிலிருந்த பின்னைப் பார்த்தாள்.

"இவ்ளோதானாங்க?" என்றாள்.