ராமாத்தாளின் கை

இன்று காலை ஆய்வகத்தில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. ஆட்டு ஈரலில் எடுத்த தட்டைப்புழுக்களை ஒரே இனம் என்றுதான் இத்தனை வருடம் எழுதிவந்தேன். நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டு இனங்களாம்.

அந்த இரண்டாவது இனம் ஒரே ஒரு புட்டியில் மட்டும் இருந்தது. மேலே என் கையெழுத்தில், "ராமாத்தாள், சத்தியமங்கலம்."

போன வருடம் அவருடைய ஆறு ஆடுகள் செத்தன. "வழக்கமான புழுதானுங்க, மருந்தும் சரிதான். நீங்கதான் அளவு தப்பா ஊத்தியிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

மாலை பஸ்ஸில் ஏறினால், அதே ராமாத்தாள்.

"ஏனுங்க டாக்டரு, இப்படி வந்து உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஆடுகள் எப்படி என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. மருந்து மட்டும் நான் ஊத்தறதில்லீங்க, மருமகளை ஊத்தச் சொல்லிப்போட்டேன். என்ற கையில ஆறு உசுரு போயிருச்சுங்களே. பேரனுக்குக் காய்ச்சல் மருந்துகூட நான் தொடறதில்லீங்க."

அந்தப் புழுவுக்கு அந்த மருந்து கேட்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன்.

என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். "பாத்துப் போங்க" என்றார்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை நம் ஈமெயில் குழுவில் உங்கள் எல்லோருக்கும் அடிக்கிறேன். "தப்பு உங்க மேல இல்லீங்க." நான்கே சொற்கள், இங்கே சுலபமாக வருகின்றன. ராமாத்தாளுக்குத்தான் ஈமெயில் கிடையாது. நேரில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.