பெயர் மேல் ஒட்டிய விலைச்சீட்டு

காலையில் எங்கள் பெருங்குடி குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு, மிக்சி, மடக்குக் கட்டில், குழந்தை சைக்கிள் எல்லாம் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான் விற்பனை, எல்லோரும் வாருங்கள் என்று போட்டிருந்தார்கள். மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நானோ படத்தைப் பெரிதாக்கி, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

நாங்களும் ஒருமுறை நடத்தியிருக்கிறோம். ராஜா அண்ணாமலைபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்த வாரம். அந்த வீட்டில் ஷெட் இருந்தது, கார்தான் இல்லை. "புது வீட்ல பரணே கிடையாது, பாதியையாவது தள்ளிவிடுங்க" என்று மனைவி மாலதி சொல்லிவிட்டாள். நான் எதையும் திட்டம் போட்டுச் செய்கிற ஆள். அதாவது, திட்டம் போட்டுவிட்டு நகம் கடிக்கிற ஆள். யாருமே வராவிட்டால்? எல்லோரும் ஒரேயடியாக வந்துவிட்டால்? இஸ்திரி வண்டியில் ஓர் அறிவிப்பு, மளிகைக் கடையில் ஒன்று, மழைக்கு ஒரு தார்ப்பாய். இத்தனைக்கும் அது ஏப்ரல் மாதம்.

பெரிய கவலை பாத்திரங்கள்தான். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லை. யார் பெயர் போட்ட பாத்திரத்தை யார் கண்டு யாரிடம் போய்ச் சொல்வார்களோ? உறவுக்காரர்கள் பெயரையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் ஒளித்தேன். பெட்டி நிறைந்துவிட்டது. மிஞ்சியது ஒரு பெரிய தூக்குப் பாத்திரம். 'அன்பளிப்பு, ஆரோக்கியம், நொச்சிக்குப்பம்.'

ஆரோக்கியம்மா எங்களுக்கு மீன் கொண்டுவந்தவர். எனக்குப் பத்து வயதிலிருந்தே வந்துகொண்டிருந்தார். மீன் முள் எடுத்துச் சாப்பிடக்கூட அவர்தான் பழக்கினார் என்று அம்மா சொல்வாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு வியாபார நாள். எங்க வரப்போறாங்க?" என்றேன்.

மாலதி ஷெட்டில் போட்ட மேசையில் பாத்திரங்களை அடுக்கினாள். நான் விலைச்சீட்டை எழுதி, அந்தப் பெயரின் மேலேயே ஒட்டினேன். கட்டைவிரலால் அழுத்தியும் விட்டேன்.

கூட்டம் வந்தது. துடைப்பத்துக்குக்கூடப் பேரம் நடந்தது. பதினோரு மணி இருக்கும், கேட்டில் ஆரோக்கியம்மா நிற்கிறார். தலையில் கூடை இல்லை. கையில் ஒரு பை.

"இன்னா நைனா, ஊடு காலி பண்றியாமே? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? புது எடத்துல மீனுக்கு எங்க அலைஞ்சிக்கினு கெடப்ப. அதான் வஞ்சிரம் எட்தாந்தேன்."

பேசிக்கொண்டே அவர் கண் மேசைமேல் ஓடியது. நான் அவருக்கும் மேசைக்கும் நடுவே நகர்ந்தேன். "காப்பி சாப்பிடறீங்களாம்மா?" என்றேன். என் தோளுக்குப் பக்கமாகக் கை நீட்டித் தூக்கை எடுத்தார். அதைத் திருப்பிக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, தெரிந்துவிட்டது. ஆனாலும் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு அதை மறுபடி ஒட்டி, மெதுவாகத் தடவிவிட்டார்.

"இது இன்னா வெல சார்?"

"சும்மா எடுத்துக்கோங்கம்மா" என்றேன். அதைவிட மோசமாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. சுருக்குப்பையை அவிழ்த்து, சீட்டில் இருந்த விலையைக் கொடுத்தார். நானும் கை நீட்டி வாங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. மீனை மாலதியிடம் கொடுத்துவிட்டு, தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். வஞ்சிரத்தை நல்ல மஞ்சள் போட்டுக் குழம்பு வைத்தாள் மாலதி. எனக்கு இறங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று நொச்சிக்குப்பம் போனேன். ரோட்டோர மீன்கடைகளெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் போயிருந்தன. அங்கே ஆரோக்கியம்மா இல்லை. தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று சரியாகத் தெரியவில்லை.

இப்போது மீன் ஃபோனில் சொன்னால் வருகிறது, கழுவி, துண்டு போட்டு. கொண்டுவருகிற பையன்கள் மரியாதையானவர்கள், எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊரில் என்னை நைனா என்று கூப்பிட ஒருவர்தான் இருந்தார்.