கண்மாய்ப் பெட்டியில் நூர்ஜஹான் அக்காவின் நம்பர்

கண்மாய்களில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் பெட்டி வைப்பது எங்கள் பல்கலைக்கழக ஆய்வு. அனுமதி, கடிதம் எல்லாம் பார்ப்பவர் திட்ட அலுவலகத்து நூர்ஜஹான் அக்கா.

சமயநல்லூர்ப் பக்கம் வைத்த பெட்டியில் திட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தோம். அக்கா அதன்மேல் தமிழில் ஒரு தாள் ஒட்ட வைத்தார்.

"இது கேமரா இல்லை. தண்ணீர் அளக்கும் பெட்டி. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்."

கீழே அவருடைய செல் நம்பர். நாங்கள் சிரித்தோம்.

இன்று காலை அந்தப் பெட்டியிலிருந்து தாறுமாறான அளவுகள் வந்தன. மூன்று பேர் உட்கார்ந்து புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் அக்காவின் போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஆடு மேய்க்கிற பாண்டி பேசுறேன். ஒங்க பொட்டி கம்பத்தோட சாஞ்சு கெடந்துச்சு. நிமித்தி, கல்லு முட்டுக் குடுத்துருக்கேன். வந்து பாத்துக்கங்க."

"இம்புட்டுப் பண்ணிருக்கீகளே, நல்லா இருங்கண்ணே. புள்ளைகள இப்பவே அனுப்புறேன்."

அந்தப் புள்ளைகள் நாங்கள்தான்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் அக்காவுக்கு ஒரு வரி நன்றி போதும் என்கிறான் கூட வேலை செய்பவன். எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் பட்டியலில் அக்கா பெயரை எத்தனையாவதாகப் போடலாம், சொல்லுங்கள். என் பெயருக்கு முன்னால் என்பது முடிவாகிவிட்டது.