சத்தத்தைக் கூட்டாதீங்க, அங்கிள்!

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்புக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று சண்டை போட்டேன். எதற்கு? ரேடியோ சிக்னலுக்காக!

நாங்கள் இருப்பது மலேசியாவின் கிள்ளானில், பள்ளமான இடம். கனமழை என்றால் லோங்காங் கால்வாய் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் லோங்காங் ஓரமாகச் சென்சார் பெட்டிகள் வைத்திருக்கிறோம். தண்ணீர் ஏறினால் ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு ரேடியோவில் சொல்லும். செய்தி கைமாறி பாலாய் ராயா பொதுமண்டபத்துக்குப் போனதும் சைரன் அடிக்கும்.

அடிக்க வேண்டும்... கூட்டத்துக்கு முந்தின வார மழையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கத்தின. சிக்னல்கள் மோதிக்கொண்டன. சைரன் வாயே திறக்கவில்லை. சரஸ்வதி ஆன்டி, நடக்க முடியாத கணவரைத் தூக்க ஆள் தேடி முழங்கால் தண்ணீரில் அலைந்தார்.

தலைவர் குணா அங்கிள் கூட்டத்தில் சொன்னார்: "பெட்டி வித்தவன்கிட்ட கேட்டேன். பவரை ஏத்திடலாம்லா."

"சத்தத்தைக் கூட்டாதீங்க, அங்கிள்! இன்னும் தூரம் போய் இன்னும் நாலு பெட்டியோட மோதும். முறை வச்சுப் பேச விடணும்" என்று எழுந்தேன்.

"நீ காலேஜ்ல பாடம் நடத்துறது வேறம்மா. இது வேற."

"இதைத்தான் பாடமா நடத்துறேன், அங்கிள்!"

அன்றைக்கே தாமான் மேப்பை விரித்தேன். பெட்டிக்கு ஒரு புள்ளி. ஒன்றையொன்று கெடுக்கும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடு. கோடு சேர்த்த இரண்டுக்கும் ஒரே நிறம் கூடாது. நிறம்தான் பேசும் முறை: சிவப்பு பேசும்போது நீலம் சும்மா இருக்கணும். கிராஃப் தியரி என்பது இவ்வளவுதான்.

அந்த முறையைப் பெட்டிகளில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு வாளித் தண்ணீரில் சென்சாரை முக்கிச் சோதித்தோம். ஊத்திக்கிச்சு! தெருவின் இரண்டு கோடியில் இருந்த பெட்டிகளுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. அதனால் கோடு போடாமல் விட்டிருந்தேன். நடுவில் இருந்த பெட்டிக்கோ இரண்டும் சேர்ந்து கேட்டுக் குழப்பம்.

"பார்த்தியா?" என்றார் குணா அங்கிள்.

"பார்த்தேன். இன்னொரு கோடு போடுறேன்."

போட்டேன். இன்னொரு நிறமும் சேர்ந்தது.

இந்தச் செவ்வாய் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சைரன் அலறியது! லோங்காங் இன்னும் வழியக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் சரஸ்வதி ஆன்டி போன் செய்தார்: "அவரை எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டு போயாச்சும்மா. கால்கூட நனையல."

நேற்று பெட்டி விற்றவர் என்னைக் கூப்பிட்டார். அதிக பவர் மாடல் வந்திருக்கிறதாம். வேண்டவே வேண்டாம் என்றேன்.

வேலை செய்யாததைப் பெரிதாக்கினால்... அது பெரிய அளவில் வேலை செய்யாது, அவ்வளவுதான்!